ஒரு மணி பத்து நிமிடம்

ரத்தினவேலுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு ஊர்களின் பெயரை யாராவது ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. இதை வியாதி என்பது அவர் மனைவி ஜெயலட்சுமி. அவரைக் கேட்டால் உத்தியோகம் என்பார். டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், வெளியூர் போய்வந்தவர்களின் பயணப் பில்களைச் சரிபார்க்கும் நாற்காலியில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதர். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: எது மிகக் குறுகிய வழியோ அதுதான் வழி. அந்த வழியில் வண்டி ஓடுகிறதா, ஓடினாலும் ஏற முடியுமா என்பதெல்லாம் போனவர் பாடு.

போன வருடம் அய்யாசாமி இந்தச் சட்டத்தில் வகையாக மாட்டினார். சேலத்துக்காரர், டெல்லி முனிர்காவில் குடியிருப்பவர், அதே அலுவலகத்தில் ஊர் ஊராக ஆய்வுக்குப் போகிற வேலை. ஒடிசாவில் ஒரு ஊரிலிருந்து பீகாரில் ஒரு ஊருக்குக் கொல்கத்தா வழியாகப் போய்வந்திருந்தார். 'சுற்றுவழி, அனுமதி இல்லை' என்று எழுதி ரத்தினவேல் பில்லைத் திருப்பினார்.

"ஆகாசத்துல நீங்களா ஒரு கோட்டப் போட்டுட்டு, அதுமேல என்னை நடந்து போகச் சொல்றீங்களா சார்?" என்று அய்யாசாமி நாலு பேர் முன்னால் கத்தினார். ரத்தினவேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு அடுத்த பில்லை எடுத்தார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், பிரியதர்ஷினி. கோரக்பூரில் ரயில்வே இன்ஜினீயர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுவாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரதீப். நெய்வேலியில் வளர்ந்தவன், ஒடிசாவில் ஜார்சுகுடா பக்கம் அரசு நிலக்கரி நிறுவனம் ஒன்றில் வேலை. ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. ஆனால் இரண்டு பேருக்குமே இன்னும் மூன்று நான்கு வருடத்துக்கு மாற்றல் என்ற பேச்சே கிடையாது. போனில் பேசவே ஆரம்பிக்கும் முன் பிரியதர்ஷினி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அப்பா, நான் போன்ல குடும்பம் நடத்த மாட்டேன். வாரா வாரம் பார்க்கணும். சனிக்கிழமை காலைல கிளம்பினா மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும். அது முடியும்னா அச்சா, பேசுறேன். முடியாதுன்னா இந்த ரிஷ்தா இப்பவே வேண்டாம்."

தூரத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது ரத்தினவேலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அன்றைக்கே கம்ப்யூட்டரில் தேடினார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுகிற ஒரு பக்கம் அகப்பட்டது. கோரக்பூர் விமான நிலையம் முதல் ஜார்சுகுடா விமான நிலையம் வரை 540 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம். வரைபடத்தில் ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று. நடுவில் ஒரு நீலக் கோடு விறைப்பாக நின்றது. அதை அப்படியே ஒரு முழுத்தாளில் எழுதி, 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டு, போட்டோ பிடித்து மகளுக்கும் பிரதீப்புக்கும் அனுப்பிவைத்தார். வீட்டு விஷயத்துக்கு ஆபீஸ் முத்திரை குத்தக்கூடாது என்கிற புத்தி மட்டும் எப்படியோ இருந்தது.

மகள் சரி என்றாள். அப்பா போட்ட கணக்கை அவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே திருப்பிப் பார்த்ததில்லை. பேச ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில், பேசாத நாள் இல்லை என்றாயிற்று.

வீட்டில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியோடு ரத்தினவேலுக்கு ரிட்டயர்மெண்ட். லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாளையங்கோட்டையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியாயிற்று. டெல்லிக் குளிரோடும் புகையோடும் முப்பது வருடம் மல்லுக்கட்டிய ஜெயலட்சுமி, நவம்பர் பிறந்ததுமே பாதிப் பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கயிறு கட்டிவிட்டாள். தினமும் காலையில் எழுந்ததும் காலண்டரில் ஒரு தேதியை அடிப்பாள். அதற்குப் பிறகுதான் காபி.

நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை பிரதீப் கோரக்பூருக்குப் போய் பிரியதர்ஷினியை முதல் தடவையாக நேரில் பார்ப்பது என்று ஏற்பாடு. கடைத்தெருவில் ஒரு ஓட்டல், மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு. நேரில் பார்த்த பிறகுதான் மோதிரம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ரத்தினவேலின் போன் அடித்தது.

"அங்கிள், பிரதீப் பேசுறேன். சின்னப் பிரச்சினை. ஃப்ளைட்ட விட்டுட்டேன்."

"அடடா. பரவால்ல தம்பி, அடுத்ததுல போங்க. அங்கன இருந்து ஒரு மணி நேரந்தானே."

"எங்க இருந்து அங்கிள்? நான் டெல்லில இருக்கேன். ஏர்போர்ட்ல."

ரத்தினவேல் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். பிரதீப் பெயர்தான் இருந்தது. திரும்பக் காதில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் யாரோ இந்தியில் முழங்க, "அங்கிள், ஒண்ணும் கேக்கல, அப்புறம் கூப்பிடுறேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

"என்னவாம்?" என்றாள் ஜெயலட்சுமி.

"மாப்ள டெல்லியில நிக்காராம்."

"எந்த டெல்லி?"

"எத்தன டெல்லி இருக்கு? இந்த டெல்லிதான்."

"அவரு கோரக்பூருக்குல்லா போகணும்? இங்க எதுக்கு வந்தாராம்?"

"அதான் எனக்கும் வெளங்கல."

நிஜமாகவே விளங்கவில்லை. ஒடிசாவிலிருந்து நேர் மேலே போக வேண்டியவன் மேற்கே டெல்லிக்கு எதற்காக ஓடிவந்தான்? வண்டி மாறி ஏறிவிட்டானா? பஸ்ஸில் மாறி ஏறலாம், ஃப்ளைட்டில் மாறி ஏற விடுவார்களா? ரத்தினவேல் பீரோவிலிருந்து தன் தாளை எடுத்துப் படித்தார். 540 கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிடம். அதில் டெல்லி என்ற சொல் எங்குமே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நமக்குத் தெரியாம இங்க யாரையும் பாக்க வந்திருப்பாரோ?" ஜெயலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்று அதட்டினார். ஆனால் அந்த எண்ணம் அவருக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதமாகக் கண்ணியமாகப் பேசிய பையன் இப்படிப் புளுகுவானா? புளுகுகிறவன் எதற்காக அவனே போன் பண்ணி டெல்லியில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது.

அதற்குள் மகள் கூப்பிட்டாள். "அப்பா, பிரதீப் மெசேஜ் பண்ணியிருக்கார். டெல்லில மாட்டிக்கிட்டாராம். நடுவுல டெல்லி எங்கேர்ந்து வந்துச்சு? உங்க பேப்பர்ல டெல்லியே இல்லையே?"

"விசாரிச்சுச் சொல்லுதேம்மா."

யாரை விசாரிப்பது? அந்தப் பக்கமெல்லாம் அலைந்த ஆள் ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அய்யாசாமிக்குப் போன் போட்டார்.

"ஜார்சுகுடால இருந்து கோரக்பூருக்கு எப்படிப் போவீங்க, அய்யாசாமி?"

"டெல்லி வந்துதான் சார் போகணும். கொல்கத்தா வழியாவும் போலாம், நேரம் ஒட்டாது, ஒரு ராத்திரி தங்கணும். ரயில்னா ஒரு நாளுக்கு மேல ஆவும்."

"நேராப் போற ஃப்ளைட்டு?"

"நேரா ஏது சார் ஃப்ளைட்டு?"

"ஒரு மணி பத்து நிமிசம்னு கம்ப்யூட்டர்ல தெளிவாப் போட்டிருக்கே?"

"சார், அது நூல் புடிச்சு அளந்த தூரம். ஒரு ஃப்ளைட்டு இருந்து, அது நேராப் பறந்தா இவ்ளோ நேரம் ஆவும்னு மெஷின் தானாப் போடுற கணக்கு. ஃப்ளைட்டு இருக்குன்னு அது சொல்லவே இல்ல. உங்க வீட்டு மொட்டை மாடியக் குடுத்தாலும் அது நேரம் சொல்லும். ஆமா, யாரு பில்லு சார் இது?"

"எம் பில்லுதான்" என்றார் ரத்தினவேல்.

அய்யாசாமி சிரித்திருந்தால்கூடத் தேவலை. "பாத்துக்கலாம் சார், பதறாதீங்க" என்றார் மனிதர். ரத்தினவேலுக்கு முகம் சுட்டது. ஊரில் உள்ளவர் பில்லையெல்லாம் கோடு போட்டுத் திருப்பியபோது ஒருநாளும், இந்தக் கோட்டின் மேல் ஏதாவது ஓடுகிறதா என்று அவர் கேட்டதில்லை. பெற்ற மகள் விஷயத்திலும் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆட்டோ பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போனார். மூன்றாம் டெர்மினலில் இறங்கித் தேடினால், பிரதீப் ஒன்றாம் டெர்மினலில் இருந்தான். அங்கே போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம். வெளியே தூண் ஓரமாக, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பைக்குள்ளிருந்து சம்பல்பூர்ச் சேலை ஒன்றின் சிவப்புக் கரை தெரிந்தது. இவரைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்தப் பையைப் பார்த்ததுமே ரத்தினவேலின் சந்தேகமெல்லாம் செத்துவிட்டது.

"புகைனால மேலேயே அரை மணி நேரம் சுத்திட்டு இறக்கினாங்க அங்கிள். கோரக்பூர் ஃப்ளைட் வேற டெர்மினல். ஓடி வந்தேன், கேட்ட மூடிட்டாங்க. அடுத்ததுல சீட் இல்ல, நாளைக்குக் காலைலதான்."

"தம்பி, நேர் ஃப்ளைட் கிடையாதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தேடிப் பார்த்தேன், காட்டல." அவன் தயங்கினான். "ஆனா நீங்க சென்ட்ரல் கவர்மெண்ட். டெல்லில இருக்கீங்க. கையெழுத்து வேற போட்டிருந்தீங்க. புதுசா ஏதோ ரூட் வரப்போகுது, உங்களுக்கு முன்னாடியே தகவல் இருக்குன்னு நினைச்சேன். அதுவரைக்கும் டெல்லி வழியாப் போய்க்கலாம்னு விட்டுட்டேன்."

இணையத்தில் இல்லாத ஃப்ளைட், இவர் கையெழுத்தில் இருந்திருக்கிறது. ரத்தினவேலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டார். மணி ஒன்றே கால். ஓட்டலில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அவள் அங்கேதான் இருந்தாள்.

"பிரியா, தப்பு அந்தத் தம்பி மேல இல்ல. எம்மேலதான். அப்படி ஒரு ஃப்ளைட்டே கிடையாது. நான் விசாரிக்காம எழுதிட்டேன்."

அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், தட்டுகளின் சத்தம் குறைந்தது. பிறகு, "அவர் வீட்டுலேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்று கேட்டாள்.

பிரதீப்பைக் கேட்டு, "காலைல நாலரைக்கு" என்றார்.

"அப்ப என் கண்டிஷன்?"

"நடக்காதும்மா."

போன் அணைந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு செய்தி வந்தது. சாயங்கால ஃப்ளைட்டில் டெல்லிக்கு வருகிறாளாம். அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. எதற்கு வருகிறாள்? வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகவா? பிரதீப்பும் அதைப் படித்தான். ஆட்டோவில் லோதி ரோடு வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் ஜெயலட்சுமிக்கு வேறு தவிப்பு. மாப்பிள்ளையாக ஆவானோ மாட்டானோ, வந்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டுமே. சொதி வைக்கலாம் என்றால் பெரிய சட்டி அட்டைப்பெட்டிக்குள். முனகிக்கொண்டே ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். சட்டி அதில் இல்லை. அடுத்ததையும் அவிழ்த்தாள். நாலாவது பெட்டியில் அகப்பட்டபோது கூடம் முழுக்கப் பாத்திரமாகக் கிடந்தது.

ஏழு மணிக்கு பிரியதர்ஷினி வந்தாள். பிரதீப் எழுந்தான். அவள் அவனை ஒரு முறை தலை முதல் கால் வரை பார்த்தாள். "உட்காருங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள். "அந்த பேப்பர் எங்க?"

ரத்தினவேல் கொடுத்தார். கிழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தைத் தரையில் வைத்து, பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தாள்.

"உங்க வீட்டு வாசல்லேர்ந்து இந்த வாசலுக்கு, நிஜமா எவ்வளவு நேரம்?" என்று பிரதீப்பைக் கேட்டாள்.

"நேரா வந்திருந்தா... ஆறரை மணி நேரம்."

"எனக்கு நாலே கால்." இரண்டையும் எழுதினாள். "ஒருத்தரே முழுசாப் போனா சனிக்கிழமை செத்துடும். திரும்பி வர்றதுல ஞாயித்துக்கிழமையும் செத்துடும். ஆளுக்குப் பாதி வந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கலாம்."

"எந்த இடத்துல?" என்றாள் ஜெயலட்சுமி.

"இங்கதாம்மா. டெல்லில."

ஜெயலட்சுமியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ரத்தினவேல் காலண்டரைப் பார்த்தார். பிரதீப்புக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நாங்க ஏதாவது ரூம் பார்த்துக்கலாம்" என்றான் மெதுவாக.

"ரூம் வேண்டாம். வாரா வாரம் பெட்டியத் தூக்கிட்டு ரூம் தேடுறது குடும்பமா?" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று அவர் நினைத்தார், கண் கலங்கியிருந்தது. "நான் உங்க கையெழுத்தப் பார்த்துத்தாம்ப்பா இவர்கூடப் பேசவே ஆரம்பிச்சேன். இப்ப எனக்கு இவரப் பிடிச்சுப் போச்சு. இப்ப நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

பிரதீப் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

சொல்வதற்கு ரத்தினவேலிடம் விதி ஏதும் இல்லை. சாப்பாடு நடந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பால்கனியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்தார். ஜெயலட்சுமி வெளியே எடுத்த பாத்திரங்களைத் திரும்பப் பெட்டியில் வைக்கவில்லை. கேட்டால், "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இரண்டு பேரையும் ஏற்றிவிட நாலு பேருமாக ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். முதலில் மூன்றாம் டெர்மினலில் பிரதீப் இறங்கினான். அந்தச் சேலைப் பை இப்போது பிரியதர்ஷினியின் தோளில் இருந்தது. ஒன்றாம் டெர்மினல் வாசலில் அவள் அப்பாவிடம் வந்து, "வெள்ளிக்கிழமை மோதிரம் மாத்திக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"போயிட்டுப் போன் பண்ணு. ராத்திரிக்குள்ள சொல்லுதேன்."

திரும்புகிற ஆட்டோவில் ஏறியதுமே ரத்தினவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகையைத் திட்டிக்கொண்டு வந்தாள். முனிர்கா வந்ததும் அவர் டிரைவரின் தோளைத் தட்டினார். "பையா, இதர் ரோக்கோ." ஆட்டோ ஓரமாக நின்றது.

"இங்கன எதுக்கு?"

"அய்யாசாமி நிக்கேன்னு சொன்னாரு. அவரு தெருவுல ஒரு வீடு காலியா இருக்காம். ரெண்டு ரூமு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதுகளுக்கு மாத்தல் கெடைக்கிற மட்டும். மூணு வருசம், நாலு வருசம்."

ஜெயலட்சுமி ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "அப்ப பாளையங்கோட்டை?"

"வாடகைக்கு விடணும்."

அவள் தெருவைப் பார்த்தாள். ஒரு முழ இடைவெளியில் நெருக்கிக் கட்டிய மாடிகள், தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் கரண்ட் வயர்கள், முனையில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் அய்யாசாமி. முப்பது வருடமாக எண்ணிய நாளை அடித்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணும் எரிந்தது, புகையால் மட்டும் அல்ல. ஆனால் நேற்று பால்கனியில் நின்ற இரண்டு முதுகுகளையும் அவள்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் மாடிக்கு மேல ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று இறங்கினாள்.

ரத்தினவேல் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏர்போர்ட்டுல இருந்து இங்க இருபத்திரண்டு நிமிசம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே வந்து பாத்தேன்."